விர்ச்சோவின் பெயரில் எத்தனை சொற்கள், அவற்றுள் எத்தனை அவருடையவை?

நோயியல் பாடத்தில் விர்ச்சோ முக்கூறு வருகிறது. அறுவை மருத்துவத்தில் விர்ச்சோ கணு வருகிறது. மூளைப் படங்களைப் படிக்கும்போது விர்ச்சோ–ராபின் இடைவெளி, தொழுநோயில் விர்ச்சோ செல், பிரேதப் பரிசோதனையில் விர்ச்சோ முறை என்று அந்தப் பெயர் தொடர்கிறது. இவர்கள் எல்லோரும் ஒரே ஆளா, இவை அனைத்தையும் அவரே கண்டறிந்தாரா, இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் ஏதாவது பயன் உண்டா என்று மருத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒரே ஆள்தான்: ருடால்ஃப் விர்ச்சோ. ஜெர்மானியர்கள் அந்தப் பெயரை ‘ஃபிர்ஹோ’ என்பதற்கு நெருக்கமாக ஒலிப்பார்கள். நம் வகுப்பறைகளில் அது பல விதமாக வழங்குகிறது. 1821 அக்டோபர் 13 அன்று, அன்றைய பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தில், இன்று போலந்து நாட்டில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1843-இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1902 செப்டம்பர் 5 அன்று அதே பெர்லினில் இறந்தார். இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. அவர் பெயரைத் தாங்கிய சொற்களில் சில முழுக்க அவருடைய உழைப்பு. சிலவற்றில் அவருக்குப் பாதிப் பங்குதான் உண்டு. எல்லாவற்றிலும் புகழ்பெற்ற ஒன்றை, இன்று நாம் சொல்லும் வடிவில், அவர் எங்குமே எழுதவில்லை. மறுபக்கம், அவரே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள் பல, அவருடைய பெயர் ஒட்டாமலேயே நம் வாயில் தினமும் வந்துபோகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் செய்தது என்ன என்பது விளங்கும் என்பது என் கருத்து.

அந்தப் புகழ்பெற்ற ஒன்று முக்கூறுதான்; அதிலிருந்தே தொடங்குகிறேன். இரத்த நாளத்துக்குள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் என்று பாடநூல்கள் சொல்கின்றன: இரத்த ஓட்டம் தேங்குவது அல்லது சுழிப்பது, நாளத்தின் உட்சுவர் சேதமடைவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மையை அடைவது. விர்ச்சோ இந்தத் துறைக்கு வந்த 1840களில் நிலைமை என்னவென்று தெரிந்தால் அவருடைய பங்கு எவ்வளவு பெரியது என்பது தெரியும். அப்போது பாரிஸில் நோய்சார் உடற்கூறியலின் முதல் பேராசிரியராக இருந்த ழான் க்ருவெய்யே, சிரையழற்சியே நோயியல் முழுவதையும் ஆள்கிறது என்று கற்பித்துக்கொண்டிருந்தார். சிரையில் உறைகட்டி இருந்தால் அந்த இடத்தில் அழற்சி ஏற்பட்டிருக்கிறது என்று பொருள். நுரையீரல் தமனியில் உறைகட்டி இருந்தால் அங்கும் அழற்சி ஏற்பட்டு அங்கேயே அது உருவாகியிருக்கிறது என்று பொருள். பெர்லினின் ஷரீட்டே மருத்துவமனையில் பிணங்களை அறுத்துப் பார்க்கும் பணியில் இருந்த இளைஞர் விர்ச்சோவுக்கு இந்த விளக்கம் பொருந்தவில்லை. நுரையீரல் தமனியில் கட்டி இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றியுள்ள தமனிச்சுவரில் அதற்கேற்ற அழற்சி இல்லை. அதே உடலின் கால் சிரையிலோ இடுப்புச் சிரையிலோ இன்னொரு கட்டி இருக்கிறது. அப்படியானால் மேலே கண்டது கீழேயிருந்து வந்ததாக இருக்கலாமல்லவா?

இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்த்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. நாய்களின் கழுத்துச் சிரைக்குள் ரப்பர்த் துண்டுகளையும், உறைந்த இரத்தத் துணுக்குகளையும், வேறு சில பொருள்களையும் செலுத்தி, பின்பு அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று தேடினார். அவை வலப்புற இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியின் கிளைகளில் சிக்கியிருந்தன. ரப்பர் அங்கே தானாக விளைந்திருக்க முடியாது. அது பயணம் செய்துதான் அங்கே வந்திருக்க வேண்டும். உறைந்த இடத்திலேயே இருக்கும் கட்டிக்கு ஒரு பெயரும், பெயர்ந்து சென்று வேறிடத்தில் அடைக்கும் கட்டிக்கு மற்றொரு பெயரும் தேவைப்பட்டன. பழைய கிரேக்கச் சொல்லான ‘த்ராம்போசிஸ்’ என்பதற்கு இன்றைய பொருளைக் கொடுத்ததும், பெயர்ந்து சென்று அடைப்பதற்கு ‘எம்போலியா’ என்று பெயர் வைத்ததும் அவர்தாம். கால் வீக்கத்தோடு வரும் நோயாளிக்கு மூச்சுத் திணறினால் இன்று எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது இந்தப் பயணத்தைத்தான்.

அப்படியானால் மூன்று காரணங்கள்? 1856-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் மூன்று கூறுகளாகப் பிரித்த ஒரு பட்டியல் உண்டு. நாளமும் அதைச் சுற்றியுள்ள திசுவும் உறுத்தப்படுவதால் விளைபவை, இரத்தம் உறைவதால் விளைபவை, இரத்த ஓட்டம் தடைப்படுவதால் விளைபவை என்பன அவை. ஆனால், அங்கே அவர் பேசுவது ஒரு கட்டி எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றியன்று. நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கிய கட்டி அதன்பின் என்னென்ன விளைவிக்கிறது என்பதைப் பற்றி. காரணங்களின் பட்டியலாக நாம் ஒப்பிப்பது உண்மையில் அவருடைய விளைவுகளின் பட்டியலுக்குக் கிட்டத்தட்ட நிழல் போன்றது. ஓட்டம் மந்தமாவது உறைதலுக்கு இடம் கொடுக்கும் என்று அவர் வேறு இடங்களில் விரிவாக எழுதியிருக்கிறார். மெலிந்து நலிந்தவர்களுக்கும், மகப்பேற்றுக்குப் பின் பெண்களுக்கும், அடிபட்டவர்களுக்கும் வரும் உறைவுகளைத் தனித்தனியே வகைப்படுத்தியும் இருக்கிறார். எனினும் ‘விர்ச்சோ முக்கூறு’ என்ற தொடரும், அதன் மூன்று காரணங்களும் ஒன்றாகக் கட்டப்பட்டது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்புதான். மற்றவர்கள் சேர்த்த கற்களும் அந்தக் கட்டடத்தில் உண்டு.

இதைச் சொல்வதால் முக்கூறைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கையருகே நின்று யோசிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. இடுப்பெலும்பு முறிந்து வந்திருக்கும் முதியவரை எடுத்துக்கொள்ளுங்கள்: படுத்தே கிடப்பதால் கால் சிரைகளில் ஓட்டம் தேங்குகிறது, முறிவும் அறுவையும் நாளங்களைச் சேதப்படுத்துகின்றன, காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையால் இரத்தத்தின் உறையும் தன்மை கூடுகிறது. மூன்றும் ஒரே கட்டிலில் கூடிவிடுவதால்தான் அத்தகையவர்களுக்கு ஹெப்பாரின் போன்ற உறைவெதிர் மருந்தைத் தடுப்பாகக் கொடுக்கிறோம், விரைவில் எழுந்து நடக்க வைக்கிறோம். விர்ச்சோவே தம்முடைய 80ஆம் வயதில், 1902 ஜனவரியில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து குதித்துத் தொடையெலும்பின் கழுத்துப் பகுதியை முறித்துக்கொண்டார். அதன்பின் உடல் தேறவேயில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். உறைகட்டிதான் அவரைக் கொன்றது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. ஆனால் இடுப்பெலும்பு முறிவு முதுமையில் எவ்வளவு கொடியது என்பதை அவருடைய கடைசி எட்டு மாதங்கள் காட்டுகின்றன.

கணுவின், அதாவது கழுத்தடியில் உள்ள நிணநீர்க் கணுவின், கதை வேறு. இங்கே பெயர் வைத்தது நியாயமானதே. 1848-இல் விர்ச்சோ, வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோயை உடலுக்கு வெளியே எப்படி அடையாளம் காண்பது என்று எழுதும்போது, இடப்பக்கக் காறை எலும்புக்கு மேலுள்ள குழியில் நெறி கட்டுவதைச் சுட்டிக்காட்டினார். ஏன் இடப்பக்கம் மட்டும் என்று தேர்வில் கேட்பார்கள். விடை நிணநீரின் வழியில் இருக்கிறது. இரு கால்கள், இடுப்பு, வயிறு, மார்பின் இடப்பாதி, இடக்கை, தலை கழுத்தின் இடப்பாதி ஆகிய எல்லாவற்றின் நிணநீரும் மார்பு நிணநாளம் வழியாக மேலேறி, இடக் கழுத்தின் அடியில் சிரையில் கலக்கிறது. வலப்பக்கத்துக்கு எஞ்சுவது வலக்கை, மார்பின் வலப்பாதி, தலை கழுத்தின் வலப்பாதி மட்டுமே. ஆகவே இரைப்பையிலோ கணையத்திலோ உண்டான புற்றுநோய் நிணநீரோடு கிளம்பினால், சிரையில் கலக்கும் அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணுவில் தங்கிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்ல் எமில் த்ருவாசியே 1880களில் இதே வீக்கத்தை விரிவாக ஆராய்ந்தார். அது வயிற்றுக்குள் உள்ள பல உறுப்புகளின் புற்றுநோய்க்கும் பொருந்தும் என்று காட்டினார். அதனால் கணுவுக்கு விர்ச்சோவின் பெயரும், அது கெட்டியாகக் கையில் தட்டுப்படுவதற்கு ‘த்ருவாசியே அறிகுறி’ என்ற பெயரும் நிலைத்தன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பசியின்றி மெலிந்து வந்திருக்கும் ஒருவரின் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டால் நிறையவே ஆகிவிடும். பின்னாலிருந்து, நோயாளியின் தோளைத் தளர்த்தச் சொல்லி, காறை எலும்பின் பின்புறமாக விரலை இறக்கித் தேட வேண்டும். முன்னால் நின்று மேலோட்டமாகத் தடவினால் சிறிய கணு தட்டுப்படாது.

உறைகட்டியையும் கணுவையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இது எங்கிருந்து, எந்த வழியாக இங்கே வந்தது? அந்த வழியைத் தேடுவதே அவருடைய வாழ்நாள் பழக்கம். கணுவைப் பற்றி எழுதிய அதே 1848-இன் தொடக்கத்தில், மேல் சிலேசியாவில் பரவிய டைஃபஸ் கொள்ளைநோயை ஆராய பிரஷ்ய அரசு அவரை அனுப்பியது. அங்கும் அவர் வழியைத்தான் தேடினார். பட்டினி, ஈரமும் நெரிசலும் மிகுந்த குடிசைகள், கல்வியின்மை, போலிஷ் பேசும் மக்களை அவர்கள் மொழியில் அணுகாத நிர்வாகம் என்று காரணங்களை அடுக்கி, முழுமையான மக்களாட்சியும் கல்வியும் வேண்டும் என்று அரசுக்கே அறிக்கை எழுதினார். அவருக்கு அப்போது 26 வயது. அந்த அறிக்கை ஒரு பாடநூல் சொல்லாக மாறவில்லை என்பதால் நம் மாணவர்கள் அதைக் கேள்விப்படுவதேயில்லை. எனக்கு அதில் மனக்குறை உண்டு. அதே ஆண்டு வெடித்த மக்களாட்சிப் புரட்சியின் பக்கம் நின்றதால் பெர்லின் பதவியை இழந்து, 1849-இல் வுர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1856-இல்தான் பெர்லினுக்குத் திரும்பினார்.

வுர்ட்ஸ்புர்க் ஆண்டுகளில் பிறந்தவையே அடுத்த இரண்டு பெயர்களும். விர்ச்சோ–ராபின் இடைவெளி என்பது, மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இறங்கும் சிறு நாளங்களைச் சுற்றியுள்ள நுண்ணிய வெளி. 1851-இல் விர்ச்சோ அதை விவரித்தார். 1859-இல் பாரிஸின் சார்ல் ராபின் அதை மேலும் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். அவர்களுக்கு முன்பே, 1843-இல், துரான்-ஃபர்தேல் என்ற பிரெஞ்சு மருத்துவர் மூளைத் துண்டுகளில் தெரியும் சிறு துளைகளை எழுதி வைத்திருக்கிறார். பெயர் அவருக்குப் போகவில்லை. நுண்ணோக்கிக் காலத்தில் அறிஞர்களின் விவாதப் பொருளாக மட்டும் இருந்த இந்த இடைவெளி, எம்.ஆர்.ஐ. வந்தபின் கதிரியல் மருத்துவர்களின் அன்றாடச் சொல்லாகிவிட்டது. வயதாக ஆக அது அகன்று படத்தில் புள்ளிகளாகத் தெரியும். அதைச் சிறு பக்கவாதம் விட்டுச்சென்ற பள்ளம் என்று தவறாகப் படித்துவிடக் கூடாது. மூளைத்தண்டுவட நீரைப் போன்றே எல்லா வகைப் படத்திலும் சமிக்ஞை தருவதும், நாளத்தின் போக்கிலேயே செல்வதும், விளிம்பு சீராக இருப்பதும் அதன் அடையாளங்கள். மூளையின் கழிவுகள் வெளியேறும் வழிகளில் இந்த இடைவெளிக்கு என்ன பங்கு என்பதை இந்த நூற்றாண்டின் ஆய்வாளர்கள் தீவிரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மூளையின் நரம்புச் செல்களுக்கு இடையே இருப்பதற்கு ‘நியூரோக்ளியா’, அதாவது நரம்புப் பசை, என்று பெயர் வைத்தவரும் விர்ச்சோதான். அது வெறும் பசையன்று என்று பின்னால் தெரிந்தும் பெயர் மாறவில்லை.

விர்ச்சோ விதி என்பது குழந்தைகளின் மண்டையோடு பற்றியது. ஃபிராங்கோனியா பகுதியில் பரவலாக இருந்த கிரெட்டினிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டை ஆராயப் போனபோது அவர் ஏராளமான மண்டையோடுகளை அளந்தார். அதன் விளைவாக 1851-இல் அவர் சொன்னது இது: மண்டையெலும்புகளுக்கு இடையிலுள்ள தையல் இணைப்பு காலத்துக்கு முன்பே ஒட்டிக்கொண்டால், அந்த இணைப்புக்குச் செங்குத்தான திசையில் வளர்ச்சி நின்றுவிடும்; ஈடுசெய்யும் வளர்ச்சி இணைப்பின் போக்கிலேயே நடக்கும். உச்சியில் முன்பின்னாக ஓடும் இணைப்பு ஒட்டிக்கொண்டால் தலை பக்கவாட்டில் விரியாமல் முன்னும் பின்னும் நீண்டு, கவிழ்த்த படகு போல ஆவது இதனால்தான். எல்லா உருவக் கோளாறுகளையும் இந்த ஒரு விதி விளக்கிவிடாது. மண்டையின் அடித்தளத்துக்கும் பங்கு உண்டு என்று பிற்காலத்தவர் காட்டினார்கள். ஆனால் ஒரு குழந்தையின் தலையைப் பார்த்தவுடன் எந்த இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு முதல் வழிகாட்டியாக அது இன்றும் நிற்கிறது. மண்டையோடுகளின் மீதிருந்த இந்த ஈடுபாடு பின்னர் அவரை மானுடவியலுக்கே கொண்டுபோயிற்று. இலங்கையின் வேடர்களைப் பற்றியும், தமிழர், சிங்களர் ஆகிய அண்டை மக்களோடு அவர்களுக்குள்ள உறவைப் பற்றியும் 1881-இல் அவர் ஓர் ஆய்வை வெளியிட்டிருக்கிறார்.

தொழுநோயில் வரும் விர்ச்சோ செல்லைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தொழுநோய் மிகுந்திருந்த நார்வேயின் அரசு அழைத்ததன் பேரில் 1859-இல் அங்கே சென்று நோயாளிகளையும் திசுக்களையும் ஆராய்ந்தார். நோயின் கட்டிகளுக்குள் நுரை நிறைந்தாற்போல் வீங்கியிருந்த பெரிய செல்களை விவரித்தார். அந்த நுரைக்கும் கொழுப்புக்கும் இடையில் கிருமிகள் குவிந்திருக்கின்றன என்பதை அவர் அப்போது அறிய வழியில்லை. நார்வே மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியைக் கண்டது 1873-இல். செல்லைக் கண்டவர் ஒருவர், அதற்குள் இருந்ததைக் கண்டவர் இன்னொருவர். நம் நாட்டு ஆய்வகங்களில் தொழுநோயின் தோல் துண்டை நுண்ணோக்கியில் வைக்கும் மாணவர் இருவரையும் ஒரே வட்டத்துக்குள் பார்க்கிறார்.

பிரேதப் பரிசோதனையில் மட்டும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உறுப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒரு முறைவரிசையில் திறந்து பார்ப்பது விர்ச்சோ முறை. உறுப்புகளை உடலுக்குள் இருந்த இடத்திலேயே வைத்து அறுத்துப் பார்ப்பது வியன்னாவின் ரோக்கிடான்ஸ்கி பெயரால் வழங்குவது. மாணவர்கள் இவற்றை இடம் மாற்றி எழுதுவதை அடிக்கடி காண்கிறேன். விர்ச்சோ முறையில் வேகம் உண்டு, ஒவ்வோர் உறுப்பையும் முழுமையாகப் பார்க்கலாம். ஆனால் உறுப்புக்கு உறுப்பு உள்ள தொடர்பு அறுந்துவிடும். எங்கிருந்து எந்த வழியாக என்று வாழ்நாள் முழுவதும் கேட்டவரின் பெயரால் இந்த முறை வழங்குவது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். அவருடைய காலத்தின் தேவை வேறாக இருந்தது என்பதே இதற்கு விளக்கம். அறுப்பவர் மனம்போன போக்கில் இரண்டு உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், எதையும் விடாமல், ஒரே வரிசையில், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பார்க்க வேண்டும் என்பதை அவர் வற்புறுத்தினார். 1876-இல் அதற்கென்றே ஒரு சிறுநூலும் வெளியிட்டார்.

இனி அவர் பெயரில்லாத சொற்களுக்கு வருகிறேன். லுகேமியா அவற்றில் முதன்மையானது. 1845-இல் ஒரு பெண்ணின் உடலை அறுத்தபோது, நாளங்களில் இருந்தது சீழ் போல வெளுத்திருந்தது. மண்ணீரல் பெருத்திருந்தது. அதே ஆண்டில், சில வாரங்களுக்கு முன்பே, எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் இதையொத்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதி, இரத்தமே சீழ்பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டியிருந்தார். விர்ச்சோ, சீழ் என்றால் அது எங்கிருந்து வந்தது, அழற்சி எங்கே என்று கேட்டார். அழற்சி எங்கும் இல்லை. எல்லோருடைய இரத்தத்திலும் இருக்கும் நிறமற்ற செல்களே இங்கே அளவின்றிப் பெருகியிருக்கின்றன என்று முடிவுக்கு வந்து, ‘வெள்ளை இரத்தம்’ என்று மட்டும் தலைப்பிட்டார். 1847-இல் அதையே கிரேக்கத்தில் லுகேமியா ஆக்கினார். யார் முதல்வர் என்று இருவருக்கும் இடையே பூசல் எழுந்தது. முதலில் அச்சேறியது பென்னட்டின் கட்டுரைதான். சரியாகப் புரிந்துகொண்டவர் விர்ச்சோ என்று நான் சொல்வேன். தாம் கண்டதைவிட ஓர் எழுத்துகூட அதிகம் சொல்லாத அந்த முதல் தலைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அமிலாய்டு இதற்கு நேர்மாறு. மூளையில் கண்ட சிறு உருண்டைகள் அயோடினோடு சேர்ந்து மாவுப்பொருளைப் போல நிறம் மாறியதால், 1854-இல் அவற்றுக்கு ‘மாவை ஒத்தது’ என்ற பொருளில் அந்தப் பெயரைச் சூட்டினார். ஐந்தே ஆண்டுகளில், உறுப்புகளில் படியும் அமிலாய்டு மாவன்று, புரதவகைப் பொருள் என்று ஃப்ரீட்ரைக்கும் கெக்குலேயும் காட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் தவறாகவே நிலைத்துவிட்டது. இன்று அல்சைமர் நோயைப் பற்றிப் பேசும் ஒவ்வொருவரும் அந்தத் தவறான பெயரைத்தான் சொல்கிறார்கள். மணல் போன்ற சுண்ணாம்புத் துகள்கள் நிறைந்த கட்டிக்கு ‘சம்மோமா’ என்றும், குருத்தெலும்புகள் மஞ்சளும் கறுப்புமாகும் அரிய நிலைக்கு 1866-இல் ‘ஓக்ரோனோசிஸ்’ என்றும் பெயர் வைத்தவரும் அவரே. விலங்குகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களைக் குறிக்கும் ‘சூனோசிஸ்’ என்ற சொல்லும் அவர் வழியாகவே வந்தது. பன்றி இறைச்சியில் இருக்கும் டிரிக்கினா புழுவை ஆராய்ந்து, இறைச்சியை நுண்ணோக்கி வைத்துச் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று அவர் போராடியதன் பின்னணியில் அந்தச் சொல்லைப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்ற லத்தீன் வாசகம். அதையும் கொஞ்சம் கவனமாகவே சொல்ல வேண்டும். அந்தச் சொற்றொடரை அவருக்கு முன்பே, 1825-இல், பிரான்சின் ரஸ்பாய் பயன்படுத்தியிருக்கிறார். செல்கள் பிளவுபட்டே பெருகுகின்றன என்பதைக் கருவளர்ச்சியில் பொறுமையாகக் கண்டு 1852-இல் எழுதியவர் ராபர்ட் ரேமாக். யூதராகப் பிறந்ததால் முழுப் பேராசிரியர் பதவி கிடைக்காமலேயே இறந்துபோன அந்த அறிஞரின் பெயரைக் குறிப்பிடாமல் 1855-இல் விர்ச்சோ அதே கருத்தை வெளியிட்டார். ரேமாக் மனம் நொந்து அவருக்கே எழுதினார். இதில் விர்ச்சோவுக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கருத்தை எடுத்து, நோய் என்பது உடலுக்குள் புகுந்த ஏதோ ஒரு வேற்றுப் பொருளன்று, நம்முடைய செல்களே மாறிய நிலையில் வாழ்வதுதான் என்று நோயியல் முழுவதையும் அதன்மேல் எழுப்பியது அவருடைய வேலைதான். 1858-இன் முதல் மாதங்களில் பெர்லின் மருத்துவர்களுக்கு முன் அவர் ஆற்றிய 20 சொற்பொழிவுகளில் அது முழு உருவம் பெற்றது. இன்று ஒரு சிறு திசுத் துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினால் நோய் என்னவென்று தெரியும் என்று நாம் நம்புவதற்கு அடிப்படையே அதுதான்.

அந்த நம்பிக்கைக்கு உள்ள எல்லையையும் அவரே பட்டுணர்ந்தார். 1887-இல் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃப்ரீட்ரிக்கின் குரல்வளையிலிருந்து எடுத்த துணுக்குகள் அவரிடம் வந்தன; அவற்றில் புற்றுநோய் இல்லை என்று எழுதினார். இளவரசர் பேரரசராகி 99 நாளில், 1888 ஜூனில், குரல்வளைப் புற்றுநோயால் இறந்தார். துணுக்கில் இருப்பதைத்தான் நோயியல் மருத்துவர் சொல்ல முடியும், துணுக்கு வராத இடத்தைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் வகுப்பில் காட்டியதில்லை. செல்லையே மையமாக வைத்துப் பார்த்த அதே கண் வேறு சிலவற்றை மதிக்கத் தயங்கியது: மருத்துவர்கள் கைகழுவினால் மகப்பேற்றுக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்ற செம்மல்வைஸின் கோட்பாட்டை அவர் ஏற்கவில்லை; கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கோக்கின் கருத்தை மிகுந்த தயக்கத்தோடுதான் அணுகினார்; நியாண்டர்தால் மண்டையோட்டைப் பழைய மனித இனத்துக்கு உரியதாகக் கருதாமல், நோயால் உருமாறிய ஒருவருடையது என்று 1872-இல் சொன்னார்.

மூன்றாவது கேள்வி, இந்தப் பெயர்கள் வேண்டுமா என்பது. நோயாளியின் குறிப்பேட்டில் ‘விர்ச்சோ கணு’ என்று மட்டும் எழுதாதீர்கள். இடக் காறை எலும்புக்கு மேல் இத்தனை செ.மீ. அளவில், கெட்டியாக, அசையாத கணு என்று எழுதுங்கள். அடுத்து வரும் மருத்துவருக்கு அதுதான் பயன்படும். தேர்வுத்தாளில் முக்கூறை எழுதும்போது மூன்று காரணங்களையும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டையும் எழுதிவிட்டு, இது விர்ச்சோவின் உறைவு ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு பின்வந்தவர்கள் தொகுத்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இடைவெளிக்கு விர்ச்சோவோடு ராபினையும், கணுவுக்கு அவரோடு த்ருவாசியேயையும், செல் பிளவுக்கு அவருக்கு முன்னால் ரேமாக்கையும் மறக்காமல் எழுதுங்கள்.